ரஷ் எங்கே போனது? கோவையில் நடந்த ஒரு திரைப்படப் பட்டறை: நிகழ்வு ஆய்வு

கோவையில் இரண்டு முறை நடந்த ஒரு சமூகத் திரைப்படப் பட்டறையைப் பற்றியது இந்த ஆய்வு. ஊர்க்காரர்களே கேமராவைப் பிடித்து, தங்கள் ஊர்ச் சினிமாவின் பழைய கதையைக் குறும்படமாக எடுக்க வேண்டும் என்பது திட்டம். முதல் முறை படங்கள் அழகாக வந்தன. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் படங்களைத் தவிர வேறு எதுவும், ரஷ் எனப்படும் வெட்டாத முழுப் பதிவுகூட, மிஞ்சவில்லை. இரண்டாம் முறை படங்கள் சுமார்தான். ஆனால் நாளைக்கு யாராவது கோவைக் கொட்டகைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எடுத்துப் புரட்ட வேண்டிய அளவுக்குச் சரக்கு இருக்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். இரண்டுக்கும் நேர்காணல் எடுப்பது பற்றி வகுப்பு நடத்தப் போனவன் என்ற முறையில் எழுதுகிறேன். நடத்தியவர்கள், கலந்துகொண்டவர்கள் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

ஏன் கோவை

தமிழ் சினிமா என்றாலே கோடம்பாக்கம் என்று ஆகிவிட்டது. ஆனால் கோவைக்குச் சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் ஏசுநாதர் வாழ்க்கைப் படச்சுருளையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். அவருடைய சொந்த ஊர் கோவை. 1914-இல் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். அது பிற்பாடு டிலைட் தியேட்டர் ஆனது. தெருவுக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர்.

1930-களில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ வந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) அங்கே எடுத்ததுதான். எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோவில் ‘மலைக்கள்ளன்’ (1954) உருவாகி ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. மறு வருடமே அதே கதையை அவர் ‘ஆசாத்’ என்று ஹிந்தியில் எடுத்தார். திலீப்குமாரும் மீனாகுமாரியும் நடித்தார்கள்.

இதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. படப்பெட்டியைச் சைக்கிளில் கட்டி இரண்டு தியேட்டருக்கு நடுவே ஓட்டியவர், மேட்னிக்கு முன்னால் தட்டி வண்டியில் பிட் நோட்டீஸ் வீசியவர், பேனரில் நாயகன் மூக்கை வரைந்தவர், தரை டிக்கெட் கிழித்தவர், இவர்கள் யாரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இவர்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்றுதான் பட்டறை தொடங்கியது.

நம் ஊரில் சினிமாவைக் காப்பாற்றியது பெரும்பாலும் தற்செயல்தான். நடராஜ முதலியார் எடுத்த முதல் தமிழ் மௌனப்படமான ‘கீசக வதம்’ இன்று நம்மிடம் இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படமும் இல்லை. ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) என்ற மௌனப்படம் மட்டும் எப்படித் தப்பியது என்றால், அதன் மூல நாவலின் உரிமை பற்றிய வழக்கில் சிக்கி ஓட முடியாமல் முடங்கியதால். திருவனந்தபுரத்தில் கமலாலயா புக் டிப்போவில் கிடந்த அதன் சுருளை 1974-இல் பி.கே. நாயர் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார். நன்றாக ஓடியிருந்தால் தேய்ந்து, கிழிந்து, கடைசியில் வெள்ளி எடுப்பதற்காக உருக்கப்பட்டு இருக்கும். பழைய படச்சுருள்களில் பலவற்றின் முடிவு அதுதான்.

முதல் முறை

முதல் பட்டறை வழக்கமான பாணியில் நடந்தது. ஷாட் வகைகள், ஸ்டோரிபோர்டு, ஒலி, எடிட்டிங், கடைசி நாள் திரையிடல். வந்தவர்களில் கல்லூரி மாணவர்கள் பாதி, கல்யாண வீடியோ எடுப்பவர்கள் சிலர், சினிமாப் பைத்தியம் பிடித்த ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்கள் இரண்டு மூன்று பேர். குழு குழுவாகப் பிரிந்து, ஆளுக்கொரு மூடிய தியேட்டரைப் பிடித்துக்கொண்டார்கள்.

படங்கள் எப்படி இருந்தன என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். மேலிருந்து ட்ரோன் ஷாட், துருப்பிடித்த கேட், பின்னணியில் புல்லாங்குழல், “ஒரு காலத்தில் இங்கே...” என்று தொடங்கும் குரல். கடைசி நாள் கைதட்டல் பலமாக இருந்தது. இதைக் குறை சொல்லவில்லை. ஐந்து நிமிடப் படத்தில் வேறு என்ன செய்ய முடியும்?

குறை வேறு இடத்தில் இருந்தது. ஒரு குழு பழைய புரொஜெக்டர் ஆபரேட்டர் ஒருவரை உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசவைத்திருந்தது. படத்தில் வந்தது நாற்பது விநாடி. மீதியைக் கேட்டுப் போனபோது, “கார்டை ஃபார்மட் பண்ணிட்டோம் சார், முகூர்த்த சீசன் வந்துடுச்சு” என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மெமரி கார்டு அவர்களுடைய பிழைப்பு. ரஷ்ஷை எங்கே கொடுப்பது, யாரிடம் கொடுப்பது என்று பட்டறையில் ஒருவரும் பேசவேயில்லை. மற்ற குழுக்களின் நிலைமையும் ஏறக்குறைய இதேதான். ஒரு பையனிடம் மட்டும் ஃபோனில் இருந்தது, அதுவும் வாட்ஸ்அப்பில் அனுப்பி அனுப்பிச் சுருங்கிப்போய்.

அந்த ஆபரேட்டரிடம் மறுபடி போனோம். மரியாதையாகக் காபி கொடுத்தார். “அதான் எல்லாத்தையும் சொல்லிட்டனே கண்ணு” என்றார். இரண்டாவது தடவை சொன்னதில் பாதி கூட இல்லை. ஒருவர் முதல்முறையாக வாயைத் திறந்து தன் தொழிலைச் சொல்லும்போது வரும் விவரம், இரண்டாம் முறை கேட்டால் சுருக்கமாகிவிடுகிறது. வாய்மொழி வரலாறு எடுப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். சினிமாப் பட்டறைக்காரர்களுக்குத் தெரிவதில்லை, அவர்களுக்கு எப்போதும் இன்னொரு டேக் உண்டு.

இரண்டாம் முறை: கேமரா இல்லாமல் தொடங்கியது

அடுத்த பட்டறையில் முதல் இரண்டு நாளும் யாரும் கேமராவைத் தொடக்கூடாது என்று வைத்தார்கள். முணுமுணுப்பு இருந்தது. ஒன்றிரண்டு பேர் வராமலே போய்விட்டார்கள். வந்தவர்களிடம் வீட்டில், பக்கத்து வீட்டில், பழைய பேப்பர் கடையில் கிடைக்கும் சினிமாக் காகிதம் எதுவானாலும் கொண்டுவரச் சொன்னார்கள். பாட்டுப் புத்தகம், பிட் நோட்டீஸ், டிக்கெட் அடிக்கட்டை, ஃபோட்டோ கார்டு, கண்ணாடி ஸ்லைடு, ஒரு தியேட்டர் மேனேஜர் வீட்டிலிருந்து டி.சி.ஆர். எனப்படும் தினசரி வசூல் கணக்கு, சின்ன வயதில் பொறுக்கி வைத்த ஃபிலிம் துண்டுகள் எல்லாம் வந்தன.

ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படம் எடுக்க வேண்டும் என்பது விதி. பின்பக்கம் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். ஒரு நோட்டீஸின் பின்னால் பென்சிலில் யாரோ பால் கணக்கு எழுதியிருந்தார்கள். இன்னொன்றில் அச்சகத்தின் பெயரும் ஊரும் அடியில் பொடி எழுத்தில். ஊர்ச் சினிமா வரலாற்றில் அச்சகங்களுக்குப் பெரிய இடம் உண்டு, இதுவரை யாரும் தேடவில்லை.

பிட் நோட்டீஸில் ஒரு தொல்லை உண்டு. தேதி இருக்கும், கிழமை இருக்கும், “இன்று முதல் தினசரி 3 காட்சிகள்” இருக்கும், வருடம் மட்டும் இருக்காது. நோட்டீஸ் வாங்குபவனுக்கு வருடம் எதற்கு? வந்த ஒன்றில் “ஜனவரி 14 வெள்ளிக்கிழமை” என்று இருந்தது. சரி, 1950-க்கும் 1975-க்கும் நடுவில் ஜனவரி 14 வெள்ளிக்கிழமையாக விழுந்தது எப்போதெல்லாம் என்று ஒரு மாணவி காலண்டர் போட்டுப் பார்த்தாள். 1955, 1966, 1972. மூன்றில் எது? டிக்கெட் விலையை நயா பைசாவில் போட்டிருந்ததால் 1955 அடிபட்டுப்போனது. நயா பைசா வந்ததே 1957-இல். 1964-லேயே அரசு ‘நயா’ என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் ஊர் அச்சகங்கள் உடனே விடவில்லை, அதனால் 1966 என்று வைத்துக் கேள்விக்குறி போட்டார்கள். அந்தக் கேள்விக்குறியைப் போடவைத்ததைத்தான் இந்தப் பட்டறையின் முதல் வெற்றி என்று நான் நினைக்கிறேன். பழைய சினிமா பற்றி எழுதுபவர்களில் பலருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஃபிலிம் துண்டுகளுக்கும் ஓரம் பேசும். துளைகளுக்கு வெளியே உள்ள விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தால் ‘சேஃப்டி’ என்ற அச்சு தெரியும், எளிதில் தீப்பிடிக்காத சுருள் என்று அர்த்தம். கோடாக் தன் சுருள்களின் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று அடையாளம் போட்டு எந்த வருடம் தயாரித்தது என்று குறித்து வந்தது. எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் சுருளின் தயாரிப்பை அந்த நிறுவனம் 1951-இல் நிறுத்தியது. வெயிலில் கண்ணாடி பிடித்து வேட்டியில் படம் காட்டி விளையாடிய துண்டுக்குள் இவ்வளவு இருக்கிறது என்றதும், கேமரா இல்லை என்ற முணுமுணுப்பு அடங்கியது.

ஆபரேட்டர் கை

நேர்காணலுக்குச் சில எளிய கட்டுப்பாடுகள். தொடங்கும்போது கேட்பவர், சொல்பவர், இடம், தேதி ஆகியவற்றை வாயால் சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்தக்கூடாது. ஒருவர் கேட்க, இன்னொருவர் நோட்டில் நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக, “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்கக்கூடாது. அப்படிக் கேட்டால் “அது ஒரு காலமுங்க” என்று பதில் வரும், அதோடு தீர்ந்தது. கையைப் பற்றிக் கேள், கருவியைப் பற்றிக் கேள், காசைப் பற்றிக் கேள் என்று சொல்லிக்கொடுத்தோம்.

வேறொரு ஓய்வுபெற்ற ஆபரேட்டரிடம் ஒரு பெண், “ஐயா, கார்பன் எத்தனை நேரம் நிக்கும்?” என்று கேட்டாள். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எதிரே இரண்டு மெஷின் நிற்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்து காட்டத் தொடங்கினார். இரண்டு கார்பன் குச்சிகளையும் லேசாக முட்டவைத்து, சட்டென்று பிரித்தால் நடுவில் வெளிச்சம் பிடிக்கும். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும். கூடினால் திரையில் வெளிச்சம் மஞ்சளடிக்கும், கீழே இருந்து விசில் வரும். அதனால் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். ஆயிரம் அடி ரீல் பதினொரு நிமிஷத்தில் ஓடி முடியும். இரண்டை ஒட்டிப் போட்டால் இருபத்திரண்டு. அதற்குள் அடுத்த மெஷினில் ரீல் ஏற்றி, லூப் விட்டு, கார்பன் மாற்றித் தயாராக நிற்க வேண்டும். ரீல் முடியப்போகிறது என்று காட்டும் முதல் புள்ளி திரையின் வலது மேல் மூலையில் வந்தால் அடுத்த மெஷினின் மோட்டார். சில விநாடியில் இரண்டாவது புள்ளி, உடனே மாற்று. ஒற்றை மெஷின் வைத்திருந்த டூரிங் கொட்டகையில் இந்த வேலையே கிடையாது, ரீலுக்கு ரீல் இடைவேளைதான்.

கேமரா பிடித்த பையன் முதலில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதியில் கைக்கு வந்தான். அந்தக் கணத்திலிருந்து அந்தப் பதிவு வேறு தரம். வலது கை ஷட்டரில் இருக்க, இடது கை இல்லாத ஒரு திருகைத் திருகிக்கொண்டே இருக்கிறது, வாய் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கிறது. எழுதிவைத்த எந்தக் கையேட்டிலும் இது கிடைக்காது.

இன்னொன்றும் சொன்னார். கம்பெனி போட்ட புள்ளியை நம்பாமல் தானே பிளேடால் ஃபிரேமில் ஒரு கீறல் போட்டுக்கொள்வாராம். ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் ஒரு கீறல். இன்று பழைய படத்தை டிஜிட்டலில் புதுப்பிக்கும்போது இந்தக் கீறல்களை அழுக்கோடு சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். படம் பார்ப்பவருக்கு நல்லதுதான். ஆனால் அந்தச் சுருள் எந்தெந்தக் கையில் ஓடியது என்பதற்கான சாட்சியும் போய்விடுகிறது. துடைப்பதற்கு முன்னால் ஸ்கேன் செய்த பதிப்பை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆவணக் காப்பாளர்கள் வலியுறுத்துவது இதற்கும் சேர்த்துத்தான்.

நினைவை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அதே ஆபரேட்டர் தான் வேலைக்குச் சேர்ந்த தீபாவளிக்கு ஓடிய படம் என்று ஒன்றைச் சொன்னார். வசூல் கணக்கைப் பார்த்தால் அந்தப் படம் அந்தத் தியேட்டருக்கு வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. பதிவைத் திருத்தவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறிப்பு எழுதினார்கள்.

பெண்கள் பக்கம்

முதல் பட்டறையில் பேசியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். இரண்டாம் முறை மாணவிகள் தங்களாகவே பாட்டிகளிடம் போனார்கள். கொட்டகையில் பெண்களுக்குத் தனி இடம், நடுவில் தட்டி, தனி வாசல். அதற்குள் நடந்ததை ஆண்களால் சொல்ல முடியாது. “அம்மணி, படம் எங்க பாத்தோம், புள்ளய அழாம வெச்சுக்கறதுக்கே நேரம் சரியாப் போச்சு” என்று ஒருவர் தொடங்கினார். தொட்டில் கட்டத் தூண் பக்கத்தில் இடம் பிடிப்பது, சோறு கட்டிக்கொண்டு போவது, மில் ஷிஃப்ட் முடிந்து வரும் புருஷனுக்காக முதல் ரீலைத் தவறவிட்டுக்கொண்டு வாசலில் நிற்பது என்று விரிந்துகொண்டே போனது. படத்தின் தொடக்கத்தையே பார்க்காமல் கதை தெரிந்துகொண்ட ஒரு தலைமுறை இருந்திருக்கிறது. பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் போட்டு “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று முடித்ததன் பயனும் அப்போதுதான் புரிகிறது.

படமாக இந்த நேர்காணல்கள் தேறவில்லை. பின்னால் மிக்ஸி சத்தம், வெளிச்சம் போதவில்லை. எடிட்டிங் கற்றுக்கொடுத்தவருக்கு வருத்தம். எனக்கு இல்லை.

ஒரு டின்

நான்காம் நாள் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து தகர டின் ஒன்றைக் கொண்டுவந்தார். திறந்ததும் காடி வாசனை. அசிட்டேட் சுருள் ஈரத்திலும் வெக்கையிலும் சிதையும்போது வரும் வாசனை அது, வினிகர் சிண்ட்ரோம் என்பார்கள். தொடங்கிவிட்டால் தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும், பக்கத்திலுள்ள சுருளுக்கும் பரவும். பையன்களுக்கு உடனே புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்க ஆசை. ஆபரேட்டர்தான் தடுத்தார். சுருள் சுருங்கியிருந்தால் பல்சக்கரம் துளையைக் கிழித்துவிடும். சுற்றைப் பிரிக்காமல், டின் மேலிருந்த லேபிளையும் வெளிச்சுற்றையும் மட்டும் படம் எடுத்து, காற்றோட்டமான இடத்தில் மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்தார்கள். அது ஏதோ ஒரு டிரெய்லர். ஸ்கேன் செய்ய ஆய்வகம் தேடும் வேலை இன்னும் நடக்கிறது.

இப்படி ஒரு டின்னை எப்படிக் கையாள்வது என்று சொல்லித்தரும் ஆட்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். 2014-இல் சிவேந்திர சிங் துங்கர்பூர் தொடங்கிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், அடுத்த ஆண்டிலிருந்தே பாதுகாப்புப் பட்டறைகளை வெவ்வேறு நகரங்களில் நடத்திவருகிறது. 2017-இல் சென்னையில் நடத்தியது. அது காப்பகத் தொழிலுக்கு ஆள் தயார்செய்யும் பயிற்சி. ஊர்ப் பட்டறைக்கு அவ்வளவு வேண்டாம். எதைச் செய்யக்கூடாது என்று அரை நாள் சொல்லிக்கொடுத்தாலே பல டின்கள் தப்பும்.

உரிமையும் இருப்பும்

பழைய படத்தின் துண்டைக் குறும்படத்தில் சேர்க்கலாமா என்ற கேள்வி இரண்டு முறையும் வந்தது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கிட்டு 60 ஆண்டு. ஆனால் பாடல் வரிகளுக்கும் இசைக்கும் கணக்கு வேறு, எழுதியவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு. பாட்டு இல்லாத தமிழ்ப்படத் துண்டு எங்கே கிடைக்கும்? பெரும்பாலான குழுக்கள் துண்டை விட்டுவிட்டுக் காகிதங்களையே காட்டின. அதனால் படங்கள் கொஞ்சம் காய்ந்துபோய்த்தான் இருந்தன.

ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது: குறும்படத்தில் வர ஒப்புதல் தனி, முழுப் பதிவை வைத்திருக்க ஒப்புதல் தனி. முழுப் பதிவுக்குச் சிலர் மறுத்தார்கள். முதலாளி குடும்பத்தைப் பற்றிச் சொன்ன ஒருவர், தான் இருக்கும்வரை வெளியே வரக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்படியே உறையில் வைத்திருக்கிறார்கள்.

கடைசி நாள் திரையிடலுக்கு முன்பே ரஷ் முழுவதும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏறியாக வேண்டும், ஏறாத குழுவின் படம் திரையிடப்படாது என்று கறாராக வைத்தார்கள். இதுதான் எல்லாவற்றையும்விட வேலை செய்தது. ஒரு டிஸ்க் கல்லூரி நூலகத்தில், இன்னொன்று வேறு ஊரில். கோப்புப் பெயரில் தேதி, இடம், ஆள் குறியீடு, வரிசை எண். நோட்டுப் புத்தகங்களையும் ஸ்கேன் செய்து கூடவே போட்டார்கள். காகிதங்களின் அசல் கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பிப் போனது. யாரும் தங்கள் பாட்டுப் புத்தகத்தை இழக்க விரும்பவில்லை, கேட்பதும் முறையில்லை. கொடுத்துவிட விரும்பிய ஒருவருக்கு மட்டும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் முகவரியைக் கொடுத்தோம்.

ஹார்டு டிஸ்க் சாசுவதம் அல்ல. சில வருடத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்கி மாற்றி ஏற்ற வேண்டும், அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். பட்டறைக்கு நிதி கொடுத்தவர்கள் கேமரா வாடகைக்குக் கொடுத்தார்கள், சாப்பாட்டுக்குக் கொடுத்தார்கள், சான்றிதழ் அச்சடிக்கவும் கொடுத்தார்கள். மூன்றாவது பட்டறைக்கான விண்ணப்பத்தில் ‘ஐந்து ஆண்டு கழித்து டிஸ்க் மாற்றும் செலவு’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். மற்ற எல்லா வரிக்கும் டிக் போட்டுத் திருப்பி அனுப்பியவர்கள், அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் மட்டும் “இது பட்டறைச் செலவில் வருமா?” என்று கேட்டிருக்கிறார்கள். வரும் என்று பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.